நாட்டு மரங்களை நம்பி ஒரு சிறிய தச்சுப் பட்டறையை வளர்க்க முடியுமா?

அறந்தாங்கிப் பக்கம் இரண்டு உதவியாளர்களோடு தச்சுப் பட்டறை நடத்தும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். இதுவரை இறக்குமதித் தேக்கில் கதவும் ஜன்னலும் செய்து கொடுத்து வந்ததாகவும், இனி தம் பகுதியிலேயே கிடைக்கும் வேம்பு, பூவரசு, வாகை, பலா முதலிய மரங்களில் மேசை, ஊஞ்சல், சமையலறைப் பொருள்கள் செய்து விற்க விரும்புவதாகவும், கையில் 5 லட்சம் ரூபாய் இருப்பதாகவும் சொல்லி, எந்த இயந்திரத்தை முதலில் வாங்குவது, எந்த மரம் நன்றாக விற்கும் என்று கேட்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் பதில் உண்டு. ஆனால் அவர் உண்மையில் அறிய விரும்புவது வேறொன்று என்று நினைக்கிறேன். மரக்கடையில் அளந்து வாங்கும் மரத்தை விட்டுவிட்டு, ஊரில் விழுகிற, வெட்டப்படுகிற மரத்தை நம்பினால் மாதாமாதம் கூலி கொடுத்துப் பட்டறையை நடத்த முடியுமா என்பதே அது. முடியும் என்பது என் பதில். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, இந்தப் பதிலின் பெரும்பகுதி அந்த நிபந்தனையைப் பற்றியதுதான்.

மரம் உலர்த்துவது பற்றிப் பெங்களூரில் குறுகிய காலப் பயிற்சி பெற்றுவிட்டு, காவிரிப் படுகையில் பல ஆண்டுகளாக நாட்டு மரத்தில் வேலை செய்து வருகிறேன். ஆகவே நான் சொல்வது சமவெளிக்குப் பொருந்தும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் மரமும் வேறு, ஈரமும் வேறு, சட்டமும் வேறு. என் அனுபவத்தில் நாட்டு மரத் தச்சுத் தொழில் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதைத் தீர்மானிப்பது, கொட்டகையில் உலர்ந்து தயாராக இருக்கும் பலகையின் அளவு. ஆர்டரும் ஆளும் இயந்திரமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அடுத்த ஆண்டு விற்க வேண்டிய பொருளுக்கான மரத்தை இந்த ஆண்டே வாங்கி அடுக்கி வைக்க முடிந்தவர் வளர்கிறார். ஆர்டர் வந்த பிறகு மரம் தேடிப் போகிறவர் ஈர மரத்தில் வேலை செய்து, ஆறு மாதத்தில் பிளந்த மேசையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

இறக்குமதித் தேக்கில் வேலை செய்பவருக்கு இது எளிதில் புலப்படாததற்குக் காரணம் உண்டு. தேக்கு இயல்பாகவே குறைவாகச் சுருங்கும் மரம். சற்று ஈரம் இருந்தாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். தவிர, தூத்துக்குடியில் கப்பலிறங்கி, மரக்கடையில் மாதக்கணக்கில் கிடந்து, சட்டமாக அறுக்கப்பட்டு உங்கள் கைக்கு வருவதற்குள் அதன் ஈரத்தில் ஒரு பகுதி வேறொருவர் இடத்தில், வேறொருவர் முதலீட்டில் போய்விடுகிறது. நாட்டு மரத்தில் மர வியாபாரியின் வேலை, அறுவை மில்காரரின் வேலை, உலர்த்துபவரின் வேலை மூன்றும் உங்கள் தலையில் விழுகின்றன. வெட்டிய மரத்தில் ஈரம் 30 சதவீதத்துக்கு வெகு மேலே இருக்கும். அந்த 30 வரை இறங்கும்போது எடை குறையுமே தவிர மரம் சுருங்காது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கமும் முறுக்கலும் பிளவும் தொடங்குகின்றன. நம் சமவெளிகளில் வீட்டுக்குள் இருக்கும் மரம் ஏறக்குறைய 10 முதல் 14 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். கடலோர ஊர்களில் அது மேல் எல்லையை ஒட்டியும், குளிரூட்டிய அறைகளில் கீழ் எல்லையை ஒட்டியும் அதற்கும் குறைவாகவும் இருக்கும். மரத்தின் வளர்ச்சி வளையங்களின் போக்கிலேயே ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படும் சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பலகை வளைவதும் குழிவதும் இந்த வேறுபாட்டால்தான்.

உலர்த்தும் முறையில் புதுமை ஒன்றும் இல்லை, ஒழுங்குதான் வேண்டும். வெட்டிய தடியின் இரு முனைகளிலும் அன்றே மெழுகோ பழைய எண்ணெய்ப் பெயிண்டோ கனமாகப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் மிக விரைவாக வெளியேறுவதால்தான் தடி முனையிலிருந்து பிளக்கிறது. முடிந்தால் வெட்டிய ஒரு வாரத்துக்குள் அறுத்துவிடுங்கள். ஒரு அங்குலப் பலகை வேண்டுமானால் ஒன்றேகால் அங்குலத்துக்கு அறுக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சமமான மேடை அமைத்து, பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, இரண்டடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்து அடுக்குங்கள். ரீப்பர் கோடு தவறினால் அந்தத் தவறு அப்படியே பலகையில் வளைவாகப் பதிந்துவிடும். மேலே கூரையும், அடுக்கின் மீது கனமான கல்லும் வேண்டும். தை, மாசியில் வெட்டி அறுத்து அடுக்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏறக்குறைய எட்டு மாதம் கிடைக்கிறது. ஒரு அங்குலப் பலகை ஆடி, ஆவணிக்குள் வேலைக்கு வரும். தீபாவளி விற்பனைக்கும் அது பொருந்தும். இரண்டு அங்குலப் பலகைக்கு ஓராண்டு போதாது என்றே கணக்கு வையுங்கள். சித்திரை வெயிலையும் ஆடிக் காற்றையும் மட்டும் நேரடியாக அடுக்கின் மீது விடாதீர்கள், காற்று வரும் பக்கம் பச்சை நிழல் வலையைக் கட்டுங்கள். வெளிப்புறம் வேகமாகக் காய்ந்து உட்புறம் ஈரமாகவே நின்றால் பலகை மேற்பரப்பில் கீறல் கீறலாக வெடிக்கும்.

ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஊசி வைத்த மலிவான கருவிகள் வேம்பிலும் கருவேலத்திலும் ஒரே எண்ணைக் காட்டினாலும் உண்மையான ஈரம் ஒன்றாக இராது. அடுக்கிலிருந்து ஒரு பலகையை இரு வாரத்துக்கு ஒருமுறை உருவி எடை போட்டு, அந்த எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் அந்த இடத்துக் காற்று தரக்கூடிய அளவுக்கு மரம் உலர்ந்துவிட்டது என்பது உறுதி. குளிரூட்டிய அலுவலகத்துக்கோ வட மாநிலத்துக்கோ போகும் பொருளுக்கு இது போதாது. அதற்குச் சூரிய வெப்பத்தில் இயங்கும் சிறிய உலர்கூடம் வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய கூடங்களை வடிவமைத்திருக்கிறது. மரச்சட்டமும் பாலிதீனும் மின்விசிறியும் கொண்டு சிறிய அளவில் நாமும் அமைக்கலாம்.

உலர்த்தலுக்கு அடுத்த பகை வண்டு. மரத்தை மாவாக உதிரவைக்கும் சிறு வண்டு தேடி வருவது பட்டையை ஒட்டிய வெளிறிய வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்தை. நடுவிலுள்ள கடினமான வைரப் பகுதியை அது பெரும்பாலும் தொடுவதில்லை. வாகையிலும் மாமரத்திலும் வெள்ளை அகலமாக இருப்பதால் அவை முதலில் உளுத்துப்போகின்றன. அறுத்த உடனே, மரம் ஈரமாக இருக்கும்போதே, போரிக் அமிலம் ஒரு பங்கும் போராக்ஸ் ஒன்றரைப் பங்கும் கரைத்த நீரில் பலகைகளை முக்கி, நெருக்கமாக அடுக்கிப் பாலிதீனால் சில வாரங்கள் மூடி வைத்தால் மருந்து ஈரத்தின் வழியே உள்ளே பரவும். அதன் பிறகு ரீப்பர் வைத்து உலர்த்தலாம். மழையில் நனையும் பொருளுக்கு இது பயன்படாது, கரைந்து போய்விடும். உணவு படும் பலகைக்கும் இதைச் செய்யக் கூடாது; அதற்கு வைரப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தடியைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போடும் பழைய வழக்கத்துக்கும் அடிப்படை உண்டு, மாவுச்சத்தும் சர்க்கரையும் நீரில் கரைந்து குறைகின்றன. அமாவாசையை ஒட்டி வெட்டினால் வண்டு விழாது என்ற நம்பிக்கையை அப்படி உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த வழக்கத்தை மதிக்கும் பெரியவர்கள் வெட்டிய மரத்தை உடனே பட்டை உரித்து நிழலில் போடவும் செய்கிறார்கள். பலன் நிலவால் வந்ததா, அந்தக் கவனத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு என் அனுபவம் போதாது. கவனத்தின் பலன் மட்டும் ஐயமற்றது.

எந்த மரம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் பகுதியில் நம்பிக்கையோடு தொடங்க ஏற்றது வேம்பு. வைரம் செம்பழுப்பாக, உறுதியாக இருக்கும், கரையானையும் வண்டையும் ஓரளவு தாங்கும். இழை ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னிச் செல்வதால் இழைப்புளி பிடுங்கும். கத்தியைத் தீட்டி, மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். இதே பெயரின் நிழலில் விற்கப்படும் மலைவேம்பு வேறு இனம். ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக வேகமாக வளர்க்கப்படும் மென்மையான மரம் அது. வேம்பு என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். வாகையின் வைரம் கரும்பழுப்பு, பார்வைக்கு மிக அழகு, ஆங்கிலேயர் காலத்திலிருந்தே வால்நட் மரத்துக்கு இணையாகப் பேசப்பட்டது. மரச்செக்குகள் மீண்டும் வரத் தொடங்கிய பிறகு பருமனான வாகைத் தடிக்குப் போட்டி ஏற்பட்டிருக்கிறது, ஆகவே நடுத்தரத் தடிகளைத் தேடுங்கள். அதன் தூள் கடுமையான தும்மலைத் தரும். பூவரசு நெருக்கமான இழையும் ஆழ்ந்த செம்பழுப்பு நிறமும் கொண்டது, கண்ணாடி போல் மெருகேறும், கடைசலுக்கும் கரண்டி வகைகளுக்கும் அருமையானது. ஆனால் நம் ஊர்ப் பூவரசுகளில் பெரும்பாலானவை வேலிக்குக் கிளையை வெட்டி நட்டு வளர்ந்தவை. அவற்றின் நடுவில் பொந்தும் இற்றலும் இருப்பது வழக்கம். அடிமரத்தைத் தட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பலா மரத்துக்கு நம்மிடையே பெரிய மரியாதை இருக்கிறது. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் அதில்தான் பிறக்கின்றன, பண்ருட்டிப் பலாவைத் தேடி வருகிறார்கள். மஞ்சள் நிறம் காலப்போக்கில் பொன்பழுப்பாக மாறும், வேலைக்கும் இணக்கமானது. கருவேலத்தின் வைரம் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் பயன்பட்டதிலிருந்தே அதன் பலம் தெரியும். ஆனால் கருவிகளின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும், உலர மிக நாளாகும். சீமைக் கருவேலத்தைக் கரிக்கு மட்டுமே உரியது என்று எல்லோரும் ஒதுக்குகிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது கோணலாகவும் குட்டையாகவும் வளர்வது உண்மை. ஆயினும் உலரும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களில் அது ஒன்று. அரிவாள் பிடி, உளிப் பிடி, கடைசல் கிண்ணம், சிறு பெட்டி போன்றவற்றுக்கு உங்கள் மாவட்டத்தில் இதைவிட மலிவான வைர மரம் கிடைக்காது, அதை வெட்டினால் யாரும் வருந்தவும் மாட்டார்கள். புளியின் கருத்த வைரம் சிறியது, வெள்ளை பெரியது. கறிக்கடைக் கட்டைக்குத் தலைமுறைகளாகப் புளியைத் தேர்ந்தெடுப்பது அதன் இழை எளிதில் பிளக்காது என்பதால். மாமரத்தைப் பெட்டிக்குரியது என்று நாம் தாழ்வாக நினைக்கிறோம். ஜோத்பூரில் அதே மாமரத்தை முறையாக மருந்திட்டு உலர்த்தி, ஏற்றுமதி அறைக்கலன்களுக்குப் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள். பத்துப் பதினைந்து வயதுத் தோட்டத் தேக்கில் வெள்ளையே மிகுதி. தேக்கு என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இனி கணக்கு, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உருட்டு மரத்தைச் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கிக் கன அடி சொல்வது வழக்கம். ஐந்தடிச் சுற்றளவும் எட்டடி நீளமும் உள்ள தடி அந்த முறையில் 12.5 கன அடி. உண்மையான கன அளவு ஏறக்குறைய 16. வித்தியாசம் பட்டைக்கும் கழிவுக்குமாக வாங்குபவருக்கு விடப்படுவது. கணக்கு விளங்குவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன், இவை உங்கள் ஊர்ச் சந்தை விலை என்று கொள்ள வேண்டாம். கன அடி 600 ரூபாய் வீதம் தடி 7,500, ஏற்றுகூலியும் வண்டியும் 2,500, அறுப்புக் கூலி 1,500, மருந்து, ரீப்பர், அடுக்கும் கூலி 500, ஆக 12,000. கோணல், பொந்து, வெடிப்பு, உலர்ந்த சுருக்கம் எல்லாம் போக அந்தத் தடியிலிருந்து பொருளாகும் பலகை 6 கன அடி கிடைத்தால் நல்ல தடி என்றே சொல்வேன். அப்படியானால் 600 ரூபாய் மரம் உங்கள் கையில் 2,000 ரூபாய் மரமாகிவிட்டது. அந்தப் பணம் எட்டு மாதம் அடுக்கில் முடங்கிக் கிடந்ததற்கான வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு தடிக்கும் ஒரு எண் கொடுத்து, வாங்கிய விலை முதல் கடைசிப் பலகை வரை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓராண்டு எழுதினால் எந்த இனம், எந்த வியாபாரி, எந்தப் பருமன் உங்களுக்கு லாபம் தருகிறது என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

தடி கிடைக்கும் வழிகளில் பட்டா நிலத்து விவசாயியிடம் நேரடியாக வாங்குவதே சிறந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது உங்கள் மாவட்டத்திலும் எத்தனை பெருமரங்கள் சாய்ந்தன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அறுக்கவும் அடுக்கவும் இடமில்லாததால் நல்ல தடிகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து விறகாயின என்பது இன்றும் எனக்கு வேதனை தருகிறது. புயலில் விழுந்த மரத்தை வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: முறுக்கி விழுந்த மரத்தின் உள்ளே இழைக்குக் குறுக்காக நுண்ணிய முறிவுகள் இருக்கும், அறுத்து இழைத்த பிறகே மெல்லிய கோடாகத் தெரியும். அத்தகைய பலகையை ஊஞ்சலுக்கோ நாற்காலிக் காலுக்கோ பயன்படுத்தாதீர்கள். சாலையோர மரங்களில் விளம்பரத் தட்டிக்கு அடித்த ஆணிகள் பட்டைக்குள் புதைந்திருக்கும். மில்லில் ரம்பம் போனால் இழப்பு உங்களுடையதுதான், ஆகவே கையடக்க உலோகங்காட்டி ஒன்றை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பழைய வீடுகளின் உத்திரமும் நிலையும் மற்றொரு நல்ல வழி. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் குடும்பங்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளிலிருந்து வாங்குவது, பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் இனி அசையாது என்பதால்தான். 2022 இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவியின் தரத்தில் பழைய மரத்துக்கும் பங்கு உண்டு.

சட்டத்தைப் பொறுத்தவரை உறுதியானவற்றை மட்டும் சொல்கிறேன். சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகிய மூன்றையும் உங்கள் திட்டத்திலிருந்து முற்றிலும் விலக்கிவிடுங்கள். ஈட்டிக்கென்று 1994 இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. செம்மரமும் ஈட்டியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிலும் இருக்கின்றன. மரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்வதை 1968 ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் ஒழுங்குபடுத்துகின்றன. அவற்றில் அனுமதிச் சீட்டு வேண்டிய இனங்களும் விலக்குப் பெற்ற இனங்களும் உண்டு, பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால் மாவட்ட வன அலுவலகத்தில் நடப்புப் பட்டியலை எழுத்தில் வாங்கிப் பட்டறையில் வையுங்கள். புறம்போக்கு, ஏரிக்கரை, சாலையோர மரங்கள் அரசுடையவை. மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதலோடு வெட்டப்பட்டு ஏலத்தில் வந்தால் மட்டுமே, ரசீதோடு வாங்குங்கள். பனையை வெட்டவும் ஆட்சியரின் அனுமதி தேவை. காடுகளைப் பாதுகாப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பிறகு உருட்டு மரம் அறுக்கும் ஆலைகள் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. எனவே தடி அறுக்கும் பெரிய ரம்பத்தைப் பட்டறையில் நிறுவும் எண்ணம் இருந்தால் வனத்துறையிடம் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். நில உரிமையாளரின் பெயர், சர்வே எண், மரத்தின் இனம், சுற்றளவு, தேதி எழுதிக் கையெழுத்துப் பெற்ற ஒரு தாள் ஒவ்வொரு தடிக்கும் இருக்கட்டும். விற்பனைக்கும் அந்தத் தாள் உதவும்.

எப்படி உதவும் என்றால், நம் மரக்கடைகளில் தேக்கு அல்லாத எல்லாவற்றையும் கன்ட்ரி உட் என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். பெயரில்லாத பொருளுக்கு விலையும் இல்லை. ஆலங்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்ற வாகை, இந்த மாதம் வெட்டியது, இத்தனை மாதம் உலர்த்தியது என்று ஒரு சிறு அட்டையில் எழுதிக் கொடுத்தால், வாங்குபவர் தேக்கோடு விலை ஒப்பிடுவதை நிறுத்துகிறார். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பிகள் வாகை, மா, வேம்பு போன்ற நாட்டு மரங்களில் செதுக்கும் சிற்பங்கள் 2020 இல் புவிசார் குறியீடு பெற்றன. மரத்தின் பெயரை மறைக்காமலே மதிப்புப் பெற முடியும் என்பதற்கு அது பக்கத்திலேயே இருக்கும் சான்று. வெள்ளைப் பகுதியைச் சாயம் பூசி மறைத்துத் தேக்கு என்று விற்பதை எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள்.

எந்தப் பொருளில் தொடங்குவது என்பதை மரமே சொல்லும். நாட்டுத் தடியில் நீளமான, நேரான பலகை குறைவு, மூன்று அடிக்குட்பட்ட துண்டுகள் மிகுதி. ஆகவே காய்கறி நறுக்கும் பலகை, மணைப்பலகை, முக்காலி, பல்லாங்குழி, சுவர்த்தட்டு, கரண்டி ஆகியவை முதல் ஆண்டுக்கு ஏற்றவை. உணவு படும் பொருளுக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும், அதை விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள். ஊஞ்சல் பலகையில் லாபம் அதிகம்தான். ஆனால் இரண்டு அங்குலக் கனமும் ஒன்றரை அடிக்கு மேல் அகலமும் உள்ள ஒற்றைப் பலகை உலர இரண்டு ஆண்டு வரை ஆகலாம். இன்றே நல்ல பலாவோ வேம்போ கிடைத்தால் அறுத்து அடுக்குங்கள், ஆர்டரை மட்டும் இப்போது ஏற்காதீர்கள். மேசைப் பலகையைச் சட்டத்தோடு திருகாணியால் இறுக்கிக் கட்டாமல், அகலவாக்கில் நகர இடம் விடும் நீள்துளை வைத்துப் பொருத்துங்கள். கதவில் பேனலை ஒட்டாமல் காடிக்குள் தளர்வாக விடுவதற்கும் இதே காரணம்தான், உங்கள் கைக்கு அது ஏற்கெனவே தெரிந்த வேலை.

5 லட்சத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், பாதியை மரத்துக்கும் கொட்டகைக்கும் ஒதுக்குவேன். கால் பங்குக்கு இயந்திரம்: முதலில் கனம் சீர்செய்யும் இழைப்பு இயந்திரம், அடுத்துத் துண்டுப் பலகை அறுக்கச் சிறிய பட்டை ரம்பம், அவற்றோடு தூள் உறிஞ்சியும் சேர வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995 இலேயே வகைப்படுத்திவிட்டது. உங்கள் உதவியாளர்கள் இருவருக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பதைச் செலவாக எண்ண வேண்டாம். மீதிக் கால் பங்கைத் தொடாமல் வையுங்கள், நல்ல தடி எந்த நாளில் விழும் என்று யாருக்கும் தெரியாது, அன்று கையில் ரொக்கம் இருப்பவருக்கே அது கிடைக்கும். கடன் வேண்டுமானால் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தை விசாரியுங்கள். 35 வயதைக் கடந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் என்று அது அறிவிக்கப்பட்டது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள்.

இவற்றில் ஐயத்துக்கு இடமானது விற்பனைதான். நாட்டு மரப் பொருளை விரும்பி வாங்குவோர் கூடியிருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் காண்கிறேன். ஆனால் சென்னையில், கோவையில் விற்கும் விலைக்குப் புதுக்கோட்டையில் விற்குமா என்பதை ஒவ்வொரு பொருளிலும் பத்துப் பதினைந்து செய்து பார்த்தே அறிய வேண்டும். ஆகவே தேக்குக் கதவு வேலையை உடனே நிறுத்தாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் கூலிச் செலவைத் தாங்கப்போவது அதுதான். அதன் லாபத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் தடியாக மாறிக் கொட்டகைக்குப் போகட்டும். மூன்றாவது ஆளைச் சேர்ப்பதாக இருந்தால், ஆறு மாத வேலைக்குப் போதுமான உலர்ந்த பலகை அடுக்கில் இருக்கும்போது சேருங்கள், அதற்கு முன் வேண்டாம். இந்தத் தை மாதத்தில் ஒரு வேம்பும் ஒரு வாகையும் வாங்கி மேலே சொன்னபடி அறுத்து அடுக்கிவிட்டால், ஆவணியில் அவற்றின் எடைக் கணக்கையும் எத்தனை கன அடி தேறியது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். உங்கள் ஊர் மரத்துக்கு ஏற்றபடி அடுத்த கட்டத்தைக் கணக்கிட்டுச் சொல்ல எனக்கு அந்த எண்கள் வேண்டும்.